மூன்று நிமிட மௌனம்: வகுப்பில் கவனப் பயிற்சியைத் தொடங்குவதும் அதை ஒழுங்காக அளப்பதும்

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்து வசிப்போர் குழு அறையில் நடக்கும் என் தமிழ் வகுப்புக்கு எட்டுப் பிள்ளைகள் வருவார்கள். ஒருவன் நீச்சல் வகுப்பிலிருந்து ஈரத்தலையோடு வருவான். ஒருத்தி கணிதத் துணைப்பாடத்திலிருந்து நேராக ஓடி வருவாள். இன்னொருத்தி அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவாள். உடம்பு வந்துவிடும், ஆள் வந்து சேரக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தை மூன்று நிமிடமாகக் குறைக்க முடியுமா என்று பார்க்கத்தான் இந்தக் கவனப் பயிற்சியைத் தொடங்கினேன். ஞானம், மன அமைதி என்ற பெரிய நோக்கமெல்லாம் எனக்கு இருக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு பெற்றோர், "இதனால உண்மையிலேயே ஏதாச்சும் ஆகுதா டீச்சர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பிள்ளைகளை உட்கார வைப்பது ஒரு வேலை, அதனால் பலன் உண்டா என்று கண்டுபிடிப்பது முற்றிலும் வேறு வேலை. முதல் வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத் தொடுவதில்லை. நானும் தொட்டிருக்கவில்லை. அதனால்தான் இந்த வழிகாட்டியில் இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன். தமிழ் வகுப்பு நடத்தும் தொண்டூழியர்கள், வீட்டில் செய்து பார்க்க நினைக்கும் பெற்றோர், ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் எல்லாரும் இதைப் பயன்படுத்தலாம்.

படி 1: முதலில் நீங்கள் உட்காருங்கள்

நான்கு வாரம், நாளுக்குப் பத்து நிமிடம். நாற்காலி போதும். முதுகை நிமிர்த்தி, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காருங்கள். மூச்சு எங்கே தெளிவாகத் தெரிகிறது என்று பாருங்கள். சிலருக்கு மூக்கு நுனியில், சிலருக்கு வயிற்றில். அந்த இடத்தில் கவனத்தை வையுங்கள். பத்து வினாடிக்குள் மனம் காய்கறிப் பட்டியலுக்கோ, போன வாரம் யாரோ சொன்ன சொல்லுக்கோ போய்விடும். போனது தெரிந்ததும் திரும்புங்கள். திட்டிக்கொண்டு திரும்ப வேண்டாம்.

மனம் போவது உங்கள் குறை அல்ல. 2010இல் ஹார்வர்டின் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பெரியவர்களைக் கைப்பேசி வழியாக அவ்வப்போது இடைமறித்து, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா என்று கேட்டார்கள். 46.9 விழுக்காடு பதில்களில் மனம் வேறெங்கோ இருந்தது. அதற்கு 120 ஆண்டுகளுக்கு முன்பே, 1890இல், உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஒன்று எழுதினார். அலைந்துபோன கவனத்தைத் திரும்பத் திரும்ப இழுத்து வரும் திறன்தான் அறிவுக்கும் குணத்துக்கும் மன உறுதிக்கும் வேர், அதை வளர்க்கும் கல்விதான் தலைசிறந்த கல்வி என்றார். கூடவே, இதைச் சொல்வது எளிது, நடைமுறைக்கு வழி சொல்வது கடினம் என்றும் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

நம் பயிற்சி 'அசையாமல் இருப்பது' அல்ல. போய்விட்டோம் என்று கண்டுகொண்டு திரும்பி வருவது. இந்த ஒன்றை நீங்களே நான்கு வாரம் பட்டறியாவிட்டால், பிள்ளை நெளியும்போது "சும்மா உட்காரு" என்று அதட்டிவிடுவீர்கள். அதட்டிய நொடியில் அது மௌன நேரமாக இருக்காது, தண்டனையாகிவிடும்.

படி 2: பெயர் வைப்பது

இதில் நான் இரண்டு முறை தடுக்கி விழுந்தேன். முதலில் 'தியானம்' என்றேன். என் எட்டுப் பிள்ளைகளில் இரண்டு பேர் முஸ்லிம், ஒருத்தி கிறிஸ்துவர். தியானம் என்றதும் ஒரு தாய் தயங்கினார். அந்தத் தயக்கம் நியாயமானது. பல சமயத்தார் அடுத்தடுத்த கதவில் வாழும் இந்த ஊரில், பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளையை எந்த வழிபாட்டு வாசனையுள்ள செயலிலும் உட்கார வைக்கக் கூடாது. சரி என்று 'விழிப்புணர்வுப் பயிற்சி' என்று மாற்றினேன். உடனே ஒருவன் கை தூக்கினான்: "டெங்கியா டீச்சர்?" சிங்கப்பூரில் அந்தச் சொல் கொசுவுக்குப் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாகிறது.

இப்போது 'மௌன நேரம்' என்கிறோம். மந்திரம் கிடையாது, ஓம் கிடையாது, கைமுத்திரை கிடையாது, ஊதுவத்தி கிடையாது. சேர விரும்பாத பிள்ளை அதே மூன்று நிமிடம் அமைதியாகப் படம் வரையலாம். முதல் வாரமே பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் நான்கு வரி அனுப்புங்கள்: என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம், இது சமயப் பயிற்சி அல்ல, வேண்டாம் என்றால் சொல்லலாம். மதிப்பெண் கூடும் என்று மட்டும் எழுதாதீர்கள். ஏன் என்பதைப் படி 7இல் சொல்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. மூச்சுப் பயிற்சி என்றதும் நம்மில் சிலருக்குத் திருமூலர் நினைவு வரும். அவர் சொல்லும் கணக்கு, இழுக்க 16 மாத்திரை, அடக்க 64, விட 32. அது குருவின் துணையோடு பெரியவர்கள் செய்ய வேண்டியது. தொடக்கநிலைப் பிள்ளையை மூச்சடக்கச் சொல்லாதீர்கள். மூச்சு அதன் போக்கில் வரட்டும், நாம் பார்த்தால் போதும்.

படி 3: முதல் நாள்

என்ன சொல்ல வேண்டும் என்பதை அப்படியே தருகிறேன். குழைந்த குரல் வேண்டாம், வழக்கமாகப் பேசுகிற மாதிரியே சொல்லுங்கள்.

"ரெண்டு காலும் தரையில இருக்கட்டும். கண்ணை மூடணும்னு இல்ல, மேசையைப் பார்த்துட்டு இருந்தாலும் சரி. இப்ப காதுக்கு என்னென்ன கேக்குதுன்னு பாருங்க. தேட வேண்டாம், தானா வரும்."

ஒரு நிமிடம். அவ்வளவுதான். பிறகு கேளுங்கள். எங்கள் முதல் நாள் பட்டியல்: மின்விசிறி, தண்டவாளப் பாலத்தில் போன ரயில், யாரோ தள்ளிப்போன தள்ளுவண்டி, குயில், பக்கத்தில் இருந்தவன் வயிறு. வயிற்றுக்கு எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க விடுங்கள். மூச்சை விட ஓசையில் தொடங்குவது எளிது. ஓசை வெளியே இருக்கிறது, பிள்ளைக்குத் 'தப்பாகச் செய்கிறேனோ' என்ற பயம் வராது.

இரண்டாம் வாரம் பாதம் தரையில் படும் உணர்வு. மூன்றாம் வாரத்திலிருந்து மூச்சு. நேரத்தை மூன்று நிமிடத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். 1979இல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-சின் தொடங்கிய எட்டு வாரத் திட்டத்தில் வீட்டுப் பயிற்சியே நாளுக்கு முக்கால் மணி நேரம் என்று இருந்தது. அது நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்த பெரியவர்களுக்கு. அதைச் சுருக்கிப் பள்ளிக்குள் நுழைத்ததில்தான் பல குழப்பங்கள் தொடங்கின என்பது என் கருத்து.

அவர் திட்டத்தில் பேர்போன ஒரு பயிற்சி, ஓர் உலர்ந்த திராட்சையை ஐந்து நிமிடம் பார்த்து, முகர்ந்து, மெதுவாகத் தின்பது. தேக்காவில் ஒரு பொட்டலம் வாங்கிப் பெருமையாகக் கொண்டுபோனேன். தட்டு சுற்றி வந்தது. ஒரு பெண் பிள்ளை கையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் நோன்பு டீச்சர்" என்றாள். ரமலான் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை. நாள்காட்டி சுவரில் என் முதுகுக்குப் பின்னாலேயே தொங்கியது. மற்றவர்களுக்குக் கவனத்தைச் சொல்லித்தரப் போனவள் நான். அன்றிலிருந்து தின்னும் பொருள் எதுவும் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு இலை.

படி 4: பார்க்கப் பழக்குவது

எனக்கு மிகவும் பிடித்த படி இது. அறிவியல் பாடத்துக்கும் கட்டுரைக்கும் ஒரே சமயத்தில் உதவுவதும் இதுதான்.

தூங்குமூஞ்சி மரம் சிங்கப்பூர் எங்கும் சாலையோரத்தில் குடை விரித்து நிற்கிறது. அந்தி சாயும்போதும் மழை மூட்டத்திலும் இலையை மடித்துக்கொள்வதால் நமக்கு அது தூங்குமூஞ்சி. மலாய்க்காரர்கள் அதே மரத்தைப் 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி, என்கிறார்கள். நாம் மரத்தைத் திட்டினோம், அவர்கள் மணி பார்த்தார்கள்.

ஆளுக்கு ஒரு கொத்து, உதிர்ந்ததாகப் பார்த்து எடுத்துக் கொடுங்கள். மூன்று நிமிடம், பார்த்ததையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். பட்டியல் பெரும்பாலும் பச்சை, சின்னது, நிறைய இருக்கிறது என்று நான்கைந்து வரியில் தீர்ந்துவிடும். "முடிஞ்சிருச்சு டீச்சர்." இப்போது பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லி, நான்கு நிமிடம் வெறுமனே பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மறுபடி மூன்று நிமிடம் எழுத்து. போன முறை ஒருவன் சிற்றிலையைக் காம்புக் கோட்டில் மடித்துவிட்டு, "ரெண்டு பக்கமும் சமமா இல்ல, ஒரு பக்கம் குண்டு" என்றான். உண்மைதான். அந்தச் சிற்றிலைகள் கோணல் சாய்சதுரம். இத்தனை வருடம் அந்த மரத்தடியில் பேருந்துக்கு நின்ற எனக்கு அது தெரியாது.

இது புதிய முறை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹார்வர்டில் லூயி அகாசீ தன் மாணவர் சாமுவேல் ஸ்கடரிடம் பதப்படுத்திய மீனொன்றைக் கொடுத்து, மூன்று நாள் அதை மட்டுமே பார்க்க வைத்தார். அதே பல்கலைக்கழகத்தில் இன்று கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ், மாணவர்களை ஒரே ஓவியத்தின் முன் மூன்று மணி நேரம் இருக்கச் சொல்கிறார். ஓவியத்தில் உள்ள சிறுவனின் காதும் அவன் வளர்க்கும் அணிலின் வயிற்று ஓரமும் ஒரே வடிவம் என்று கண்டுபிடிக்கத் தனக்கே ஒன்பது நிமிடம் ஆனது என்கிறார் அவர். பயிற்சி பெற்ற கண்ணுக்கே ஒன்பது நிமிடம்!

உயர்நிலைப் பிள்ளைகள் என்றால் தேசிய கலைக்கூடத்துக்கு அழைத்துப் போங்கள். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது நுழைவு இலவசம். அதன் சேகரிப்பில் சுவா மியா டீ 1959இல் வரைந்த மலாய்மொழி வகுப்பு ஓவியம் உண்டு. வட்ட மேசையைச் சுற்றி மாணவர்கள், பின்னால் கரும்பலகை, அதில் இரண்டே கேள்வி: உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய். மொழி வகுப்பில் படிக்கும் பிள்ளை இன்னொரு மொழி வகுப்பைக் கால் மணி நேரம் பார்க்கட்டும். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதில் தொடங்கச் சொல்லுங்கள்.

படி 5: உள்ளே நடந்ததைச் சொல்ல வைப்பது

மௌன நேரம் முடிந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், "ஓகே லா" என்று வரும். இங்கே பாதிப் பிள்ளைகள் வீட்டிலும் ஆங்கிலம்தான். அந்த 'ஓகே'வை உடைக்க எனக்கு உதவியது பாடத்திட்டத்திலேயே இருக்கும் இரட்டைக்கிளவி. வெண்பலகையில் எழுதிவைத்தேன்: படபட, குறுகுறு, நமநம, துறுதுறு, கிறுகிறு, விறுவிறு. இவற்றில் உங்களுக்கு எது, எந்த இடத்தில் என்று கேட்டேன். "கால்ல துறுதுறுன்னு இருந்துச்சு, நெஞ்சில ஒண்ணும் இல்ல." "மொதல்ல படபட, அப்புறம் அது எங்க போச்சுன்னு தெரியல." பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் உடம்புக்குள் நடந்ததை இடமும் வரிசையும் பிரித்துச் சொல்கிறது. வெறும் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லில் இந்தப் பிரிப்பு கிடைக்காது. தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் சொற்களுக்கு இப்படி ஒரு வேலை இருப்பது பிள்ளைகளுக்கே வியப்பு.

ஆய்வு செய்கிறவர்கள் இந்த இடத்தில் நிற்க வேண்டும். சிலி நாட்டு உயிரியலாளர் பிரான்சிஸ்கோ வரேலா 1996இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தால் மட்டும் போதாது, அந்த நொடியில் அந்த ஆள் உள்ளே என்ன உணர்ந்தார் என்ற விவரத்தையும் அதே கண்டிப்போடு சேகரித்து, இரண்டையும் ஒன்றையொன்று வழிநடத்த விட வேண்டும் என்றார். அவரோடு பணியாற்றிய கிளேர் பெத்திமாஞ்ஜன் பிற்பாடு அதற்கான நேர்காணல் முறையை வளர்த்தார். அதன் முக்கிய விதி ஒன்றைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்: 'ஏன்' என்று கேட்காதே, 'எப்படி' என்று கேள். "ஏன் கவனம் போச்சு?" என்றால் பிள்ளை சாக்குத் தேடும். "போனப்ப எப்படிப் போச்சு? மொதல்ல என்ன வந்துச்சு, படமா, சத்தமா?" என்றால் நடந்ததைச் சொல்லும்.

படி 6: எங்கே நிறுத்த வேண்டும்

கண்ணை மூடினால் அழுகை வருகிறது, மூச்சைக் கவனித்தால் மூச்சு முட்டுகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். 'பழகினால் சரியாகும்' என்று தள்ளாதீர்கள். இந்தப் பயிற்சிகள் எல்லாருக்கும் இதமானவை அல்ல என்பதைப் பிரௌன் பல்கலைக்கழகத்தின் வில்லோபி பிரிட்டன் போன்றவர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதி வருகிறார்கள். கண் திறந்திருக்கட்டும், கவனம் பாதத்துக்கோ வெளியோசைக்கோ மாறட்டும், அல்லது அந்தப் பிள்ளை படம் வரையட்டும். அடுத்து பெற்றோரிடம் சொல்லுங்கள். பள்ளியில் ஆலோசகர் உண்டு, அவரிடம் பேசச் சொல்லுங்கள். நாம் தொண்டூழியர்கள், சிகிச்சையாளர்கள் அல்ல.

படி 7: அளப்பது

முதலில் மதிப்பெண்ணை ஒதுக்கிவையுங்கள். பிள்ளைகளைத் துணைப்பாடத்துக்கு எப்போது அனுப்புகிறோம்? மதிப்பெண் மிகவும் விழுந்த பிறகு. மிகவும் விழுந்தது அடுத்த முறை கொஞ்சம் ஏறுவது பெரும்பாலும் தானாக நடப்பது. அந்த ஏற்றத்துக்கு மௌன நேரமும் உரிமை கோரும், பாதாம் பாலும் உரிமை கோரும், புது டீச்சரும் கோருவார்.

அடுத்து, பிரிட்டனில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். 85 பள்ளிகள், 8,000க்கும் மேற்பட்ட பதின்ம வயதுப் பிள்ளைகள், பத்துப் பாடம் கொண்ட கவனப் பயிற்சி. 'மிரியட்' என்ற அந்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. மனச்சோர்வு அபாயத்திலும் நலனிலும், வழக்கமான பாடம் படித்த பிள்ளைகளை விடப் பயிற்சி பெற்றவர்கள் மேலாக இல்லை. பெரும்பாலோர் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. ஆசிரியர்களின் களைப்பில் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு எல்லாம் வீண் என்று மூடிவிடவும் வேண்டாம், 'அவர்கள் சரியாகச் செய்யவில்லை' என்று சாக்குச் சொல்லவும் வேண்டாம். எதை வாக்களிக்கிறோம் என்பதைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள்.

எனவே கேள்வியையும் சின்னதாக்குங்கள். என் கேள்வி: 'கவனம் போனதைப் பிள்ளை முன்பை விடச் சீக்கிரம் கண்டுகொள்கிறதா?' இதற்கு 2014இல் டேனியல் லெவின்சனும் சகாக்களும் வெளியிட்ட மூச்செண்ணும் முறை கைகொடுத்தது. ஆய்வுக்கூடத்தில் ஒன்றிலிருந்து எட்டு வரை மூச்சுக்கு ஒரு பொத்தான், ஒன்பதாவது மூச்சுக்கு வேறு பொத்தான், எண்ணிக்கை தவறினால் மூன்றாவது. நான் அதைத் தாளுக்கு மாற்றினேன். எட்டு மூச்சு வரை மூச்சுக்கு ஒரு கோடு, ஒன்பதுக்கு ஒரு வட்டம், தவறியது தெரிந்தால் ஒரு பெருக்கல் குறி, உடனே மறுபடி ஒன்று. மூன்று நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய நான்கிலிருந்து ஆறு சுற்று கிடைக்கும்.

செய்து பார்த்ததில் தெரிந்தவை: தாள் கண்ணுக்குத் தெரிந்தால் கோட்டை எண்ணி எழுதுகிறார்கள், எனவே பாடநூலைக் கூடாரம் மாதிரி கவிழ்த்து அதற்கடியில் எழுதச் சொல்லுங்கள். பெருக்கல் குறியைத் தப்பு என்று நினைத்து மறைக்கிறார்கள். முதல் வாரம் ஒருத்தி தாளில் ஒரு பெருக்கல் குறிகூட இல்லை, ஆனால் வட்டங்கள் ஏழிலும் பதினொன்றிலும் விழுந்திருந்தன. தவறியது அவளுக்குத் தெரியவே இல்லை. ஆறாம் வாரம் தாள் முழுக்கப் பெருக்கல் குறி, ஆனால் வட்டங்கள் எல்லாம் ஒன்பதில். "நான் மோசமாயிட்டேன் டீச்சர்" என்று கண் கலங்கினாள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பெருக்கல் குறியும் அவள் திரும்பி வந்த இடம் என்று காட்டினேன். இன்னொருவன் எல்லாச் சுற்றிலும் பிசகாமல் எட்டுக் கோடு, ஒரு வட்டம். விசாரித்தால், "மூச்ச விட்டுட்டேன், கணக்க மட்டும் பார்த்தேன்." எந்த அளவுகோலுக்கும் இப்படி ஒரு ஓட்டை உண்டு, அதை அறிக்கையில் எழுத வேண்டும்.

மாணவ ஆய்வாளர்களுக்கு இன்னும் சில. தொடங்கும் முன் கேள்வியையும், எதை எண்ணப் போகிறீர்கள் என்பதையும் தேதி போட்டு எழுதி மேற்பார்வை ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பின்னால் வசதியான எண்ணைப் பொறுக்கும் ஆசையை அது தடுக்கும். சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரியுங்கள். மற்றக் குழுவைச் சும்மா விடாதீர்கள், அவர்களுக்கு அதே மூன்று நிமிடம் கதை வாசியுங்கள். இல்லையென்றால் மௌனத்தின் பலனையும், 'டீச்சர் நம்மைக் கவனிக்கிறார்' என்பதன் பலனையும் பிரிக்க முடியாது. நம் பள்ளித் தவணை பத்து வாரம் என்பது நல்ல வசதி: முதல் வாரம் அளவு, எட்டு வாரம் பயிற்சி, பத்தாம் வாரம் மறு அளவு. ஆங்கில வினாத்தாளைத் தமிழாக்கினால் இன்னொருவரை வைத்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். என் டெங்கிக் கதையை மறக்க வேண்டாம்.

அனுமதி விஷயத்தில் குறுக்குவழி கிடையாது. பள்ளிக்குள் தரவு திரட்டக் கல்வி அமைச்சின் ஒப்புதல் வேண்டும், பல்கலைக்கழகம் என்றால் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். பிள்ளைகள் என்பதால் பெற்றோரின் கையெழுத்தோடு பிள்ளையின் சம்மதமும் தேவை. தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். வகுப்பு ஆசிரியரே ஆய்வாளராகவும் இருந்தால் 'வேண்டாம்' என்று சொல்லப் பிள்ளைக்குத் தைரியம் வராது, ஒப்புதல் கேட்கும் வேலையை வேறொருவரிடம் விடுங்கள்.

முடிவைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் ஆய்வை முடிக்காதீர்கள். தவணையின் கடைசிச் சனிக்கிழமை எட்டுப் பேரின் தாள்களையும் எண் வாரியாகச் சுவரில் ஒட்டினேன். ஆறு பேருக்கு வட்டம் ஒன்பதுக்கு நெருங்கியிருந்தது, இருவருக்கு மாற்றமில்லை. ஒப்பிட மறுகுழு இல்லை, அதே விளையாட்டை எட்டு வாரம் ஆடினால் யாருக்கும் கை பழகும் என்று விளக்கினேன்.

ஈரத்தலைக்காரன் கேட்டான்: "அப்ப வேலை செய்யுதா இல்லையா டீச்சர்?"

"எட்டுப் பேரை வச்சுச் சொல்ல முடியாதுடா."

கொஞ்சம் யோசித்தான். "எங்க புளோக்ல பன்னெண்டு பேர் இருக்காங்க. அடுத்த வாரம் கூட்டிட்டு வரவா?"